அழகுமீனா ஓடிய திசை

எம். புதுப்பட்டியில் ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுத்தபோது வந்து நின்ற அத்தனை பேரும் பட்டாசுத் தொழிலாளிகள். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? அதில் ஒருத்தி அழகுமீனா. முதல்நாள் காக்கியில் அவளைப் பார்த்ததும், கட்டிலில் கிடந்த புருஷன் சங்கிலிமுத்து தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான். கல்யாணமாகி அதுவரை காணாத மரியாதை. அன்றிலிருந்து அந்தச் சட்டை அவளுக்கு உயிர்.

வில்லங்கம் காலில் இருந்தது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடு என்று பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் லட்சுமிகாந்தம் பழக்கியிருந்தார். சத்தம் கேட்டால் அந்தப் பக்கமே ஓடு என்றார் படையின் இன்ஸ்பெக்டர். புத்தி இன்ஸ்பெக்டர் பேச்சைக் கேட்டது; கால் போர்மேன் பேச்சைத்தான் கேட்டது. ஊர்வலத்தில் வெடி போட்டபோது பருத்திக் காட்டுக்குள் போய் நின்றாள். கல்யாண பந்தோபஸ்தில் மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“இன்னொரு தடவை ஓடினா யூனிபார்ம கழட்டிக் குடுத்துரணும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா டூட்டி வந்தது. “செருப்பு வாரு நல்லா இருக்கான்னு பாத்துக்க புள்ள, ஓடணும்லா” என்றான் சங்கிலிமுத்து.

“சிரிங்க. நான் அங்கன கல்லு மாதிரி நிக்கலைன்னா, நாளைலருந்து நீக அதட்டுங்க, நான் கேக்கேன்.”

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு போனாள். கோயில் முன்னால் கூட்டத்தில் ஓர் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொண்டது. வழிவிடச் சொல்லி மைக்கில் கத்திக் கத்தி இன்ஸ்பெக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒருத்தரும் அசையவில்லை.

“ஏம்மா, உன்னைத்தான்! பஞ்சை எடும்மா!” என்று அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

எடுத்தாள். எவனோ அணுகுண்டைக் கொளுத்தினான். மீனா பறந்துவிட்டாள்.

திருவிழா வெடிக்கெல்லாம் அசைகிற ஊரில்லை அது. ஆனால் காக்கிச் சட்டையே தலைதெறிக்க ஓடினால்? மொத்தக் கூட்டமும் சாலையின் இருபுறமும் கரிசல் காட்டில் இறங்கியது. அங்கே லட்சுமிகாந்தம் பழக்கதோஷத்தில், “எல்லாரும் வந்தாச்சா?” என்று தலையை எண்ணத் தொடங்கினார். காலியான ரோட்டில் ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு போனது.

மீனா தலைகுனிந்து வந்து தொப்பியைக் கழற்றி நீட்டினாள். இன்ஸ்பெக்டர் ஆம்புலன்ஸ் போன புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டும்மா அதை” என்றார் கரகரத்த குரலில். “சாமி திரும்பி வர்றப்ப மறுபடி ரோட்டை அடைச்சிருவாங்க. இங்கேயே இரு.”

வீட்டில் சங்கிலிமுத்து கட்டிலில் படுத்தபடியே கேட்டான். “ஓடுனியாமே?”

“ஆமா, ஓடுனேன். மொதல்ல எந்திரிங்க.”

எழுந்து நின்றான்.