‘பஸ் வருதுங்களா’ குரூப்புக்கு நான் அட்மின்

வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பது மாதிரியான வேலை. சம்பளம் இல்லை, லீவும் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல அட்மினாக அகப்பட்டுக்கொண்டவர்கள் இருந்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறு பேரும் ஓர் ஆடும்

குரூப் ஆரம்பித்த அன்றைக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள்: நான், ஓட்டலில் ரூம் சுத்தம் செய்யும் என் மகள் மகேஸ்வரி, செல்போன் கடை செல்வம், தபால் ஆபீசில் இருந்து ரிட்டயரான கணேசன் ஐயா, பலாமரத்து வளைவில் டீக்கடை வைத்திருக்கும் ராஜாமணி, எங்கள் ரூட்டு கண்டக்டர் தங்கவேலு. தங்கவேலுவுக்கு அன்று லீவு. அதனால் பஸ் எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. ஓர் ஆடும் எங்களோடு நின்றது. ஆட்டைச் சேர்க்காமல் ஆறு பேர்.

எல்லோரும் கொட்டச்சேடு பக்கம் போக வேண்டியவர்கள். கடைசி பஸ்ஸை விட்டால் காபித் தோட்டத்துக்கு நடுவே இருட்டில் நடக்க வேண்டும். காட்டெருமை வந்து நிற்கிற ரோடு அது. மகேஸ்வரி தினமும் வருவது அந்தக் கடைசி பஸ்ஸில்தான். பஸ் கிளம்பியதா, எங்கே வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன். செல்வம் அங்கேயே குரூப் ஆரம்பித்து, கேட்ட பாவத்துக்கு என்னையே அட்மினாகப் போட்டுவிட்டார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“பயப்படாதீங்கக்கா, அட்மின்னா சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கறதுதானுங்க” என்றார் செல்வம்.

ரோஜாப்பூ

ஆட்கள் சேரச் சேரக் காலை வணக்கப் படங்களும் சேர்ந்தன. விளக்கு, மயில், சூரியன், டீ கிளாஸ். தங்கவேலு “பஸ் கெளம்பிருச்சுங்க” என்று குரலில் பேசி அனுப்புவது அத்தனைக்கும் அடியில் புதைந்துவிடும். நான் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதற்குள் பஸ் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டியிருக்கும்.

தினமும் தவறாமல் ரோஜாப்பூ அனுப்பியவர் கணேசன் ஐயா. வயதில் பெரியவரைக் குரூப்பில் எப்படிக் கண்டிப்பது? எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். கடைசியில் போன் போட்டு, வார்த்தை தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. இப்படிச் சொன்னார்:

“அம்மிணி, ஊட்ல நான் ஒருத்தன். பூ வர்லீன்னா யாராச்சும் வந்து கதவத் தட்டுவீங்கன்னுதான் அனுப்பறேன்.”

அதற்குப் பிறகு ரோஜாப்பூவை மட்டும் நான் தடுக்கவில்லை.

மஸ்டர்

எண்பத்தெட்டு பேர் சேர்ந்தபிறகு எனக்கு வேறு பயம் பிடித்தது. எழுதுகிறவர்கள் பத்துப் பேர். மற்றவர்கள் இருக்கிறார்களா, இல்லையா? ஒருநாள் அந்தப் பத்துப் பேரும் ஊரில் இல்லாவிட்டால் மகேஸ்வரிக்குப் பஸ் செய்தி யார் சொல்வது?

காபி எஸ்டேட்டில் பல வருஷம் நான் மஸ்டர் எடுத்தவள். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் மஸ்டர். சத்தம் கொடுக்காதவர் வேலைக்கு வராதவர். தொடர்ந்து மூன்று நாள் சத்தம் இல்லையென்றால் பேரை அடித்துவிடுவோம். வேறு முறை எனக்குத் தெரியாது. அதையே குரூப்பிலும் கொண்டுவந்தேன். காலை ஏழு மணிக்கு எல்லோர் பேரையும் எழுதிப் போடுவேன். எல்லோரும் ‘ஆஜர்’ என்று பதில் போட வேண்டும்.

முதல் வாரம் சிரித்துக்கொண்டே போட்டார்கள். அப்புறம் கொட்டாவி விடுகிற பொம்மையாகப் போட்டார்கள். மூன்று நாள் பேசாமல் இருந்த பத்தொன்பது பேரை ஒவ்வொருவராக எடுத்துவிட்டேன். அதில் டீக்கடை ராஜாமணியும் ஒருத்தி. மஸ்டர் பிடிக்காமல் வேறு சிலர் தாங்களாகவே வெளியே போனார்கள். அப்படிப் போன டிராக்டர் டிரைவர் ஒருவர் கடைசியாகப் பேசி அனுப்பியது இது:

“நான் எஸ்டேட்ட வுட்டு வந்ததே இந்த மஸ்டருக்குப் பயந்துதானுங்க. இங்கயும் வந்து தொரத்தறீங்களே!”

முந்நூறு பேர்

குரூப்பில் ஆள் குறைந்துவிட்டது என்று நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சேருவதற்கான லிங்கைச் செல்வம் கீழே சேலத்துக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். ஒரே மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஏரியில் படகு எத்தனை மணி வரைக்கும், எந்த ரூமில் இருந்து பார்த்தால் மேகம் தெரியும் என்று கேள்விகள். ரிசார்ட் விளம்பரங்கள். யாரோ ஒருவர் தான் சாப்பிட்ட பிரியாணியைப் படம் எடுத்துப் போட்டார். அதற்கு நாற்பது பேர் கை தட்டினார்கள்.

ஒரு ரிசார்ட் மேனேஜர் போனிலேயே என்னைப் பாராட்டினார். குரூப் நன்றாக வளர்ந்திருக்கிறதாம். இதில் காசுகூடப் பார்க்கலாமாம். ஆனால் இரண்டு வாரமாகத் தங்கவேலுவின் குரல் வரவில்லை. பஸ்ஸில் ஏறியபோது ஏன் என்று கேட்டேன். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தபடியே குனிந்து, முன்சீட்டுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்:

“கோட்டு போட்டவங்க போட்டோவா வருதுங்கக்கா. அத்தனை ஆபீசருங்க கேக்கற எடத்துல, பஸ்ஸு லேட்டுன்னு நான் எப்படீங்க சொல்றது?”

மேகம் இறங்கிய சாயங்காலம்

தங்கவேலு அப்படிச் சொன்னதற்கு மறு வாரம். அஞ்சு மணிக்கே மேகம் இறங்கி, எதிர் வீடு தெரியவில்லை. கடைசி பஸ் வருகிற நேரம் தாண்டியும் சத்தமில்லை. மகேஸ்வரிக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். தங்கவேலுவுக்குப் போட்டேன், லைன் போகவில்லை. குரூப்பில் எழுதினேன்: “கொட்டச்சேடு கடைசி பஸ் எங்கே வருகிறது? யாராவது பார்த்தீர்களா?”

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குரூப். உடனே பதில் வந்தது. ஒருவர் கட்டைவிரல் காட்டினார். ஒருவர் கும்பிட்டார். ஒருவர், “ஆஹா, மேகமா? சூப்பர் கிளைமேட்!” என்றார். ரிசார்ட்டில் வார நாட்களுக்குத் தள்ளுபடி என்று ஒரு படம் வந்தது. கணேசன் ஐயா மட்டும் போன் போட்டு, “தெரீலீங்க அம்மிணி, நான் ஸ்டாப்புக்குப் போய்ப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டார். அந்த மேகத்தில் அவரை அனுப்பிவிட்டு இன்னொருவருக்காகவும் நான் பயப்பட வேண்டுமா? வேண்டாம் என்றேன். டார்ச்சை எடுத்தேன், செருப்பைத் தேடினேன். ஒரு கால் செருப்புதான் கிடைத்தது.

அப்போது தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு.

“அக்கா, நாந்தானுங்க, ராஜாமணி. மஸ்டர்ல பேரு அடிச்சீங்களே, அவ.”

நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். பஸ் பலாமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரிப்பேராகி நின்றுவிட்டது. அங்கே சிக்னல் கிடையாது. போனில் சார்ஜும் தீர்ந்து, மகேஸ்வரி இறங்கி நடந்து வந்திருக்கிறாள். வளைவைத் தாண்டி ரோட்டில் ரெண்டு காட்டெருமை நிற்பதால், இவள் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். ஜீப் ஏதாவது வந்தால் ஏற்றிவிடுகிறாளாம்.

நீ ஏன் ஒருநாளும் ஆஜர் போடவில்லை என்று, நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில், அழுதுகொண்டே கேட்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். பேரைக் கூப்பிட்டு எழுதினதே, குரூப்பில் இருந்து எடுத்தபிறகு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தினமும் தங்கவேலுவின் குரலைக் கேட்பாள். பஸ் கிளம்பிவிட்டது என்று கேட்டால், அது வளைவைத் தாண்டிப் போகிறவரை கடையைச் சாத்தமாட்டாள். குரூப்பில் இருந்து எடுத்தபிறகு ஆறு மணிக்கே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இன்றைக்கு எப்படிக் கடை திறந்திருந்தது?

“மேகத்துக்கு யாவாரமே இல்லீங்க. பாலு நொம்ப மீந்துபோச்சு. சுண்டக் காச்சலாம்னு உக்காந்திருந்தேன்.”

அன்றைக்குப் பால் மட்டும் விற்றுத் தீர்ந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

களை எடுப்பு

மகேஸ்வரி ஒரு மிளகு வியாபாரியின் ஜீப்பில் வந்து சேர்ந்தாள். மறுநாள் செல்வத்தின் கடையில் உட்கார்ந்து முதலில் ராஜாமணியைச் சேர்த்தேன். பிறகு நான் எடுத்த மற்றவர்களுக்கும், தானாகப் போனவர்களுக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். பாதிப் பேர் வந்தார்கள், டிராக்டர் டிரைவர் உட்பட. அதற்கப்புறம் குரூப்பில் எழுதினேன்: “இந்தப் பஸ்ஸில் ஏறாதவர்களும், இந்த ரோட்டில் குடியிருக்காதவர்களும் தயவுசெய்து வெளியே போகவும். தவறாக நினைக்க வேண்டாம்.” அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பார்க்கப் பயம்.

சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். பிரியாணிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். தானாகப் போகாதவர்களை நானே எடுத்தேன். செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஊரு ஒலகத்துல எல்லாரும் குரூப்புக்கு ஆளு சேப்பாங்க. நீங்க என்னமோ தோட்டத்துல களை எடுக்கறீங்க!”

ரெண்டு நாள் கழித்துத் தங்கவேலு மறுபடி பேசி அனுப்பினார். இப்போது மஸ்டர் இல்லை. ஆனால் அனுப்பினதை யார் யார் கேட்டார்கள் என்று போனே காட்டும் என்பதைச் செல்வம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தினமும் சாயங்காலம், “பஸ் வருதுங்களா?” என்று நானும் குரலிலேயே கேட்டுவிட்டு, யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. முதலில் நான் தேடுவது ராஜாமணியின் பேரை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தும் பதில் சொல்ல ஆளில்லாத குரூப்பில், ரோஜாப்பூ ஒன்றையும் வாயே திறக்காத ராஜாமணியையும் சேர்த்துக்கொண்டு, இப்போது மீதி இருப்பது நாற்பத்தொரு பேர்.