கீழ் சிலிண்டரில் தேங்கிய எண்ணெய்

2009இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. முதல் உலகப் போரில் மிஞ்சிப்போன விமான எஞ்சின்களை முதலாளி தேடி வாங்கி வருவார். அவற்றில் புரோப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சின் முழுவதும் சுழலும், நடுத்தண்டு மட்டும் அசையாது. நாங்கள் அதை மாற்றி, சிலிண்டர்களை அசையாமல் பூட்டித் தண்டைச் சுழல விடுவோம். நாங்கள் என்றால் நானும், ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய என்னை அங்கே சேர்த்துவிட்ட மன்னார் அண்ணையும். கோடை முடிய இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்திருப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

எஞ்சினே சுழலும்போது எண்ணெய் வெளியே வீசப்பட்டுவிடும். பூட்டிய எஞ்சினில் அது இரவில் வடிந்து கீழ் சிலிண்டரில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் ராட் வளைந்து எஞ்சின் அவ்வளவுதான். இதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து காலையில் முதல் ஆளாகப் போய், கீழ் பிளக்கைக் கழற்றி, புரோப்பெல்லரைக் கையால் சுற்றி எண்ணெயை இறக்கிவிடுவேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தொழிலில் ஒன்றைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தால் துரத்தமாட்டார்கள் என்று நாடு நாடாக அலைந்த புத்தி சொல்லியது. சீ, என்ன புத்தி அது!

மே மாதத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பாராளுமன்ற வாசலில் எங்கள் சனத்தோடு போய் இருந்தேன். ஊரில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். அன்றைக்கென்று கொட்டகைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். முதலாளி ஓட்டிக் காட்டச் சொல்ல, அண்ணை ஸ்டார்ட் செய்திருக்கிறார்.

மறுநாள் வெடித்துப் பிளந்த எஞ்சினுக்கு முன்னால் எங்களை நிறுத்தி, இப்படி நடக்கும் என்று யாருக்காவது தெரியுமா என்று முதலாளி கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"நீ ஒவ்வொரு நாளும் வெள்ளண வந்து அதைச் சுத்திறது இதுக்குத்தானே, தம்பி?"

"இல்லை அண்ணை. குளிருக்குக் கை விறைக்கும், சும்மா சுத்திறனான்."

மே மாதத்தில் குளிராம்! அண்ணை முதலாளியிடம், பிழை தன்னுடையதுதான், தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஓகஸ்டில் என்னை நிரந்தரமாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால், அண்ணை இன்றைக்கும் முதலில் என்னிடம்தான் கை நீட்டுவார். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.