ஓர் எழுத்தால் பழிதீர்க்க வந்தவர்

பள்ளிப் படிப்போடு நின்ற நான் ஒரு கணக்குப் பேராசிரியரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் தட்டச்சுக் கடை வைத்திருந்தேன். அவர் தம் ஆய்வுக் கட்டுரையோடு வந்தார். ஒல்லியான மனிதர், அந்த வெக்கையிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். என் மெஷினில் கிரேக்க எழுத்துகள் இல்லை. நான் இடம் விட்டுத் தட்டித் தர, அவர் பேனாவால் நிரப்பினார். ஆல்பா எழுதும்போதெல்லாம் பல்லைக் கடித்தார்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் தயங்கிக் கேட்டேன். "இது என்னது சார்?"

"ஒரு சிப்பியில எத்தனை முத்து கெடக்கும்னு ஒடைக்காமச் சொல்ல முடியாது, அண்ணாச்சி. ஒண்ணு இருக்க எவ்வளவு வாய்ப்பு, ரெண்டு இருக்க எவ்வளவுன்னு சொல்லலாம். அதுக்கு நான் ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சேன். எனக்குப் படிச்சுக் கொடுத்த ஆளு அதைத் தன் பேருல அச்சுல போட்டுட்டாரு."

"அடப்பாவி!"

"இருக்கட்டும். இது அதவிடப் பெருசு. இதுல ஆல்பான்னு ஒரு எழுத்தைக் கூடச் சேர்த்திருக்கேன். அதுக்கு ஒண்ணுன்னு போட்டா அவரு சூத்திரம் வந்துரும். இனி அவரு இதுக்குள்ள ஒரு மூலையில கெடக்க வேண்டியதுதான்." வாய்விட்டுச் சிரித்தார்.

எத்தனையோ பேருக்கு வழக்கு மனு தட்டியிருக்கிறேன். ஓர் எழுத்தால் பழிதீர்ப்பவரை அன்றுதான் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம். "நாளைக்கு அவரும் ஒரு எழுத்தைச் சேர்த்தா, நீங்க அவருக்குள்ள போயிருவியளா சார்?" என்றேன்.

சிரிப்பு நின்றது. காகிதங்களை வாரிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். ஆல்பாவோடு பீட்டா என்று இன்னோர் எழுத்தையும் சேர்த்திருந்தார். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தட்டினேன்.