எண்பத்தைந்தும் நூற்றைந்தும்

மானிட்டரின் முதுகைத் திறந்து, பெரிய கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்தாயிற்று என்றால் அடுத்த வேலை தடவிப் பார்ப்பது. சின்ன கெப்பாசிட்டர்களின் தலையில் அக்கா கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டுவார், பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியைத் தொடுவதுபோல. தட்டையாக இருந்தால் ஆரோக்கியம். மேடு தட்டினால், "ஐயாவுக்கு வயிறு உப்பிப்போச்சு" என்று கழற்றி வைத்துவிடுவார். செத்த உறுப்புகளுக்கு மட்டும்தான் இந்த மரியாதை, வாடிக்கையாளர்களுக்கு உத்தரவாதமில்லை.

மானிட்டர் பழுது பார்க்கும் அவருக்குக் கடைவீதியில் பெயர் 'நூத்தஞ்சு அக்கா'. புதிதாகப் போடும் கெப்பாசிட்டரின் உடம்பில், நூற்றைந்து டிகிரி சூடு தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். எண்பத்தைந்து என்றிருந்தால் தொடமாட்டார். (தான் குடிக்கும் தேநீர் மட்டும் பச்சைத் தண்ணீராக ஆறியிருக்க வேண்டும்.) மைக்ரோஃபாரட் கணக்கில் கொள்ளளவு பழையதற்குச் சமமாக, வோல்ட் சமமாகவோ ஒரு படி மேலாகவோ, பின்மூடி இடிக்காத உயரத்தில் என்று பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள்கூடப் பார்க்காத பொருத்தமெல்லாம் பார்ப்பார்.

"என்னைக் கட்டிக்கும்போது இதுல பாதி பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பார், பக்கத்து மேசையில் செல்போன் உறை விற்கும் கணவர்.

"நீங்க எண்பத்தஞ்சுதாங்க. தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன்."

இப்படிப்பட்டவர் கையாலேயே நான்கு மாதம் முன்பு ஓர் எண்பத்தைந்து ஒரு மானிட்டருக்குள் போயிற்று. மானிட்டர் ஒரு தட்டச்சு அம்மாவுடையது. அறுபது வயது, மங்கிய கண். எழுத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, திரையில் மூக்கு உரச வேலை செய்பவர். புதுத் திரைகளின் வெளிச்சம் அவர் கண்ணுக்குக் கூசும். இந்தக் கிழட்டுத் திரை போனால் பிழைப்பும் போயிற்று. "இன்னைக்கே வேணும்மா" என்று அவர் நகராமல் நிற்க, சரியான சரக்கு கையில் இல்லாத அக்கா, மொத்த வியாபாரி தவறி அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

போன வாரம் அதே திரை இரண்டு விநாடி மின்னி இருண்டது. தட்டச்சு அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என் ராசி அப்படிம்மா. இனிமே தேறாதுன்னா சொல்லிடு. வேலைய விட்டுட்டுப் பொண்ணு வீட்டுல போய் உக்காந்துக்கறேன்."

அக்கா திறந்தார், தடவினார், நகம் ஓரிடத்தில் நின்றது. கணவர் நிலைமையைப் புரிந்துகொண்டு கைகொடுக்க வந்தார்: "போர்டே பழசும்மா. பழசுன்னா அப்படித்தான்."

நல்ல சாக்கு. எடுத்துக்கொண்டிருந்தால் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா, தலை நிமிராமல். "போட்டதுதான் தப்பு. சூடு தாங்காதுன்னு தெரிஞ்சே போட்டேன். உங்க அவசரத்துக்குப் பயந்துட்டேன்."

தட்டச்சு அம்மா குனிந்து, நகம் நின்ற இடத்தை மூக்கு உரசப் பார்த்தார். பிறகு, "அப்போ என் ராசி இல்லையா?" என்றார்.

"உங்க ராசிக்கு எத்தனை வோல்ட்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. இதுக்கு இருபத்தஞ்சு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தடவித் தேடி உட்கார்ந்தார்.

நூற்றைந்து இம்முறை இருந்தது, ஆனால் நெட்டை. பின்மூடியில் இடித்தது. அக்கா அதன் கால்களை நீளமாக விட்டு, காலுக்கு உறை மாட்டி, பலகையில் படுக்கவைத்துப் பசையால் ஒட்டினார். திரையை எரியவிட்டார். இரண்டு விநாடி கடந்தது. இரண்டு நிமிடம் கடந்தது. அரை மணியானதும் தட்டச்சு அம்மாவின் மூக்கு தானாகத் திரையை நோக்கிப் போயிற்று.

"சரியாயிடுச்சாம்மா?"

அக்கா பின்மூடியின் நான்கு திருகாணிகளையும் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும். எப்போ மூடணும்னு நீங்க சொல்லுங்க."