வெங்கலத்துக்கு எதுக்குத் தீ?

தரையில் வைக்கோலைப் பிரித்து உதறிக்கொண்டிருக்கிறார் மொக்கையன். ஈரத் துரும்பு ஒன்று அகப்பட்டாலும் தூக்கி எறிகிறார். புகை பட்டால் தப்புப் பறையின் தோல் கெட்டுவிடுமாம். போடிநாயக்கனூரில் சாமி புறப்பாடு என்றால் சிலமலை ஊர்க்காரரான இவருடைய தப்புதான் முன்னால் போகும். தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றாமல் ஓர் அடிகூட அடிக்க மாட்டார். சாமிக்கே அவசரம் என்றாலும் நிற்க வேண்டியதுதான்.

அவர் கணக்கில் வாத்தியம் இரண்டே வகை: தோல் உள்ளது, தோல் இல்லாதது. "தோலு நனையும், காயும், நம்மள மாதிரி. வெங்கலத்த ஆட்டுக்குட்டி கழுத்துலயுந்தான் கட்டுறோம்" என்பார். குத்தல் எல்லாம் வீரணனுக்கு. அவர் சேகண்டிக்காரர்; வட்டமான வெண்கலத் தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிப்பவர். வயதில் மூத்தவர். அவரைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பத்து வருஷமாக வரிசையில் கடைசியாக நிறுத்தி வைத்திருந்தார் இந்த மனுஷன்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் அந்த வாய்க்கொழுப்பு அடங்கியது. மலையில் ஏலக்காய் பறிப்புக்கு முன்னால் ஏலத்தோட்டத்தில் பொங்கல் வைப்பார்கள். கொட்டுக்காரர்களோடு மொக்கையன் மனைவி சுருளியம்மாளும் ஜீப்பில் போயிருந்தார். ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பவில்லை. அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஆளை மறைக்கும் ஏலச்செடிகளுக்குள் எந்தப் பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓடைக்கு அந்தண்டை அடி தெரியாத பள்ளம். கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போனது.

மொக்கையன் தப்பை எடுத்து அடித்துப் பார்த்தார். தொய்ந்துபோன தோல் நனைந்த சாக்கைத் தட்டினாற்போல் முனகியது. தீயில் காட்டலாம் என்றால் தீப்பெட்டியே நமுத்திருந்தது. வீரணனிடம் வந்து நின்றார்.

"அண்ணே, நீ அடிண்ணே."

வீரணன் பாறைமேல் ஏறினார். கை மாற்றி மாற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் அடித்தார். கடைசியில் இடுப்பில் குடத்தோடு, செடிகளை விலக்கிக்கொண்டு சுருளியம்மாள் வந்தார்.

"கொட்டுச் சத்தம் எதுவும் கேக்கல. கணகணன்னு ஒண்ணுதான் வந்துச்சு. அதப் புடிச்சே வந்துட்டேன்."

மொக்கையன் எல்லோர் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். இதை ஊரெல்லாம் சொன்னதும் அவரேதான்.

அதற்காகக் குணம் மாறிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. தோலுக்குத்தான் உயிர் என்று இன்றைக்கும் சண்டைக்கு நிற்பார். வீரணன் மட்டும் இப்போது அவருக்குப் பக்கத்தில், முன்னால் நிற்கிறார்.

வைக்கோல் பற்றிக்கொண்டது. தப்போடு நெருங்கியவர்களைக் கையமர்த்திவிட்டு, மொக்கையன் முதலில் சேகண்டியை வாங்கித் தீயில் காட்டுகிறார்.

"வெங்கலத்துக்கு எதுக்கப்பு தீ?" வீரணன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

மொக்கையன் தோள்துண்டால் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் வீரணனிடம் நீட்டிவிட்டு, அப்புறம்தான் தன் தப்பை எடுக்கிறார்.