ஈரத்தலை பெஞ்சு

குற்றாலத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக்காரர் பஞ்சமே கிடையாது. ஆனியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், வருஷக்கணக்காகக் கடுதாசி போடாத மச்சினன்கூட வீடு தேடி வந்து "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு அருவிக்குப் போவான். அல்லது அருவிக்குப் போய்விட்டு வந்து கேட்பான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வடிவம்மாளைப் போல மனசில் வைத்துக்கொண்டவர்கள் யாருமில்லை.

அறுபதுகளின் நடுவில் அவள் அங்கே ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் மேட்ரனாக இருந்தாள். மேல்வகுப்புப் பெண்களுக்குப் புதுக் கட்டடம். முதல் வருஷத்து பி.யு.சி.க்காரிகளுக்குப் பழைய பங்களா. யாரோ ஒரு வியாபாரி சீசனுக்கு வந்து தங்கக் கட்டியது அது. ஓடு கண்ட இடத்தில் ஒழுகும். காயப்போட்ட பாவாடை காயவே காயாது. அருவி இரைச்சலில் புதுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் பிடிக்காது. முதல் வாரம் முழுக்க அழுகைதான். அதே பிள்ளைகள் பிறகு லீவுக்கு ஊருக்குப் போய், இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று புலம்புவார்கள். வடிவம்மாள் அதையெல்லாம் எடுத்துச் சொல்லித் தேற்றுகிற ஆள் இல்லை. அழுகிறவளைப் பிடித்து உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்துப் பின்னிவிடுவாள். வலிக்க வலிக்கத்தான் பின்னுவாள். அந்தக் கைக்காக உயிரை விடுவார்கள் பிள்ளைகள்.

அவளுக்குச் சொந்த ஊர் கடையம். சின்ன வயசிலேயே தாலி போயிற்று. அதன்பிறகு அண்ணன் செல்லப்பா வீட்டு அடுப்படியில் பாதி ஆயுசு கழிந்தது. விடுதி வேலை கிடைத்ததும் ஒருவர் பேச்சையும் கேட்காமல் புறப்பட்டு வந்துவிட்டாள். முதல் சீசனில் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார் என்று தகவல் வந்தது. காலையிலேயே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எல்லார் தலையிலும் தண்ணீர் சொட்டியது. வயிறும் எங்கேயோ நிரம்பியிருந்தது.

"அருவிக்கு வந்தோம். அப்படியே உன்னையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு" என்றார் அண்ணன்.

சிரித்த முகமாகவே வழியனுப்பினாள். உள்ளே போய் அந்தச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்றாள். அந்த 'அப்படியே' மட்டும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

அடுத்த வாரமே போர்டிகோவில், வாசல்படிக்குக் கீழே, ஒரு பெஞ்சு வந்து சேர்ந்தது. பிள்ளையைப் பார்க்க உலர்ந்த தலையோடு வருகிறவர் நேரே வராந்தாவுக்கு ஏறலாம், காப்பியும் உண்டு. ஈரத்தலையோடு வந்தால் காய்கிற வரைக்கும் பெஞ்சு, காப்பி கிடையாது. ஒரு தாசில்தாரே அதில் உட்கார்ந்து காய்ந்திருக்கிறார். பிரின்சிபால் அம்மா கண்டும் காணாதது போல இருந்துகொண்டார். சாரலில் நனைந்து வந்தவர் கதி என்ன என்று ஒரு தடவை சமையல்காரி கேட்டாள். "குற்றாலத்துக்குக் குடை இல்லாம எந்தக் கிறுக்கன் வருவான்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள் வடிவம்மாள்.

அந்த வருஷம் கடையநல்லூரிலிருந்து ஜைனப் வந்து சேர்ந்தாள். அவள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். தாய்மாமன் முகம்மது இஸ்மாயில் ஒற்றைக் காலில் நின்று சேர்த்துவிட்டிருந்தார். தறி நெய்கிற வாப்பா சேக் மைதீனுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "போறதுன்னா போ. நீ இருக்கிற எடத்து வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜைனப் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாப்பா வரவில்லை. கடைசியில் ஒருநாள், தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "இந்த ஞாயித்துக்கிழமையும் வாப்பா வரலைன்னா நான் வீட்டுக்குப் போயிருதேன்க்கா. அவுக கோவத்தோட எனக்குப் படிப்பு மண்டையில ஏற மாட்டேங்கு" என்றாள். மாமாவுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. திங்கட்கிழமை வந்து கூட்டிப் போவார். வடிவம்மாளுக்குப் பகீரென்றது. இவள் திரும்பிப் போனால் அந்தத் தெருவிலிருந்து இன்னொரு பெண்ணை யார் அனுப்பப் போகிறார்கள்?

அந்த ஞாயிறும் வந்தது. சாரல் விடாமல் விழுந்தது. ஜைனப் மத்தியானம் தாண்டியும் தூணடியில் நின்றுவிட்டு, மாடிக்குப் போய்த் தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். வடிவம்மாளுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் கேட்டுக்குள் வந்தார். தலையும் தாடியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வயிற்றோடு ஒரு பொட்டலம்.

"ஜைனப்போட வாப்பாம்மா" என்றார்.

வடிவம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பெற்ற பிள்ளை மாடியில் பெட்டி கட்டுகிறாள். இந்த மனுஷன் குளித்து முழுகிவிட்டு வந்து நிற்கிறாரே!

"முதல்ல அருவி, பெறவுதான் பிள்ளையா? நல்லா இருக்கு. போய் அந்தப் பெஞ்சுல உக்காந்து காயுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமினார். பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்து, "அவகிட்ட குடுத்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். போகட்டும் என்றுதான் விட்டாள் வடிவம்மாள்.

மாடியில் பொட்டலத்தைக் கொடுத்து, "உங்க வாப்பா வந்தாக. அருவியில குளிச்சிட்டு சாவகாசமா வந்தாக" என்றாள்.

ஜைனப் திகைத்துப் போனாள். "வாப்பாவா? அவுகளுக்கு ஈளைக்கா! பச்சத்தண்ணி தலையில பட்டாலே ஒரு வாரம் மூச்சு விட முடியாம படுத்துருவாக. அருவிப் பக்கமே போக மாட்டாகளே!"

சுற்றியிருந்த நியூஸ் பேப்பர் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. உள்ளே கையால் நெய்த கனமான போர்வை ஒன்றும், துண்டு ஒன்றும் இருந்தன.

"நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள் வடிவம்மாள். கேட்டுக்கு எதிரே பலாச்சுளை விற்கிற பேராச்சி, "யாரு, அந்த பாயையா தேடுத? காலையிலேருந்து இந்த மரத்துக்குப் பின்னால மறைஞ்சு நனைஞ்சுக்கிட்டு நின்னாக. உள்ள போங்கன்னு எத்தனை மட்டம் சொன்னேன், கேக்கணுமே! இப்பத்தான் பஸ்ஸுக்குப் போறாக" என்றாள்.

குடை எடுக்கவும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தாண்டாத வடிவம்மாள், சீசன் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடுரோட்டில் ஓடினாள். அவர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, புத்தி கெட்டுப் பேசிட்டேன். வாங்க. நீங்க வராம அவ படிக்க மாட்டா."

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டேன்மா. அதான் காலையிலேருந்து அந்த மரத்தடியிலயே நின்னேன். பெறவு மனசு கேக்கல, வந்துட்டேன். நீங்க சொன்னதும், இது நமக்கு வேணும்னுதான் நெனச்சேன்."

வடிவம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் வடிவம்மாள் அல்லவா?

"நீங்க ஒரு படியும் மிதிக்க வேண்டாம். பெஞ்சு வாசப்படிக்குக் கீழதான் கிடக்கு" என்றாள்.

இரண்டு ஈரத்தலைகளும் ஒன்றாகத் திரும்பி வந்தன. சேக் மைதீன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜைனப் இறங்கி வந்து, அவர் நெய்து கொண்டுவந்த துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"புதுசும்மா அது. நனைக்காதட்டி" என்றார் அவர்.

"பேசாம இருங்க வாப்பா" என்றாள் மகள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். தோள் மட்டும் குலுங்கியது. சமையல்காரி சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஈரத்தலைக்காரர் ஒருவர் அந்தப் பெஞ்சில் காப்பி குடித்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை மருமகளைக் கூட்டிப் போக வந்த மாமா, பலாச்சுளை தின்றுவிட்டுத் தனியாக ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் சேக் மைதீன் குடையோடு வந்தார். "இது பெஞ்சுக்கு" என்று வடிவம்மாளிடம் இன்னொரு துண்டைக் கொடுத்தார். அதைப் போர்டிகோத் தூணில் ஓர் ஆணியடித்து மாட்டினாள். அதற்குப் பிறகு யார் எங்கே நனைந்தார்கள் என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை.

மறுவருஷம் சீசனில் கடையத்திலிருந்து அண்ணன் வந்தார். அன்றைக்குச் சாரல் இல்லை. வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை, சுள்ளென்று வெயில். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அருவியைத் தவிர வேறெங்கும் நனைந்திருக்க வழியே இல்லை.

"அப்படியே உன்னையும்..." என்று ஆரம்பித்தார்.

வடிவம்மாள் ஆணியிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தலையத் துவட்டுங்கண்ணே, சளி பிடிச்சிரப் போவுது" என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.