பிலோமின்ராஜ் வடித்த பாங்காக் நூடுல்ஸ்

கல்லூரியில் தத்துவம் நடத்தும் பிலோமின்ராஜ் எதையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். மனைவி லூர்துராணி என்ன சமைத்து வைத்தாலும், சாப்பிட்டுக் கை கழுவும்போது, "சாப்பிடலாம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய பட்டம் அதுதான். நிதானமான தீர்ப்பு என்று அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பேர்ப்பட்டவர் 1983இல் பாங்காக்கில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். எடமலைப்பட்டி புதூர் வீட்டில் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்தார். அங்கே ஒரு பேராசிரியை தன் வீட்டில் தேங்காய்ப்பாலில் அரிசி நூடுல்ஸ் செய்து போட்டாராம்.

"ஒரே பாத்திரம், ராணி. எல்லாம் அதுலயே வெந்துடுது. அற்புதம்!"

"என்ன சொன்னீங்க?"

"அற்புதம்னேன்."

"அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியுமா? இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" லூர்துராணி பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே, சமையலுக்கென்று அங்கே வாங்கிய மீன் சாற்றுப் பாட்டில் உடைந்திருந்தது. அவர் வாசித்த கட்டுரை அதில் நன்றாக ஊறி, முதன்முறையாக ஏதோ சாரம் உள்ளதாக ஆகியிருந்தது. நூடுல்ஸ் பாக்கெட் மட்டும் தப்பித்திருந்தது. இருந்தது ஒன்றே ஒன்று.

"ஞாயித்துக்கிழமை நீங்களே செய்யுங்க. நான் சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

அந்த 'சொல்றேன்' அவர் காதிலேயே நின்றது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. அவள் வாயால் ஒரு 'அற்புதம்' கேட்டுவிட வேண்டும். புகழ்ச்சி என்பது பலவீனர்களுக்குத் தேவைப்படுவது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், திங்கள் முதல் சனி வரை அதற்காக ஏங்கினார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போதே லூர்துராணி தன் அண்ணன் சவரிராயனைச் சாட்சிக்குக் கூட்டி வந்துவிட்டாள். கைலாசபுரம் தொழிற்சாலையில் ஃபிட்டர். அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ள, அடுப்பு எந்தப் பக்கம்னு தெரியுதா?"

பிலோமின்ராஜ் அடுப்பைப் பற்றவைத்தார். தேங்காய்ப்பாலில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் நசுக்கிப் போட்டார். கொஞ்சம் புளி, கொஞ்சம் வெல்லம், உப்பு, நாரத்தை இலை, பொடித்த வேர்க்கடலை. கொதி வந்ததும் நூடுல்ஸை உள்ளே விட்டார். வாசனை எழும்பியது. சவரிராயன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அடேயப்பா! தூக்குது மாப்ள!"

அத்தோடு நின்றிருக்கலாம். பிலோமின்ராஜுக்குப் பேச்சு வந்துவிட்டது. "மச்சான், இதுல பாருங்க. புளி தனி, வெல்லம் தனி. பானைக்குள்ள போனதும் தனித்தனிங்கறது போயி, எல்லாம் ஒண்ணாயிடுது..."

சமையலில் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. விருந்தாளி வரும் நாளில் சோற்றுப்பானை கனக்கும். கஞ்சி வடிக்க லூர்துராணி அவரைக் கூப்பிடுவாள். பிடிதுணியால் மூடியை அழுத்திப் பிடித்து, ஒரு பருக்கை சிந்தாமல் கழுநீர்ப் பானைக்குள் வடிப்பார். இப்போது கண்ணெதிரே ஒரு பானை. அதில் வெள்ளையாய்க் கொதிக்கும் தண்ணீரில் வெள்ளையாய் ஏதோ வெந்திருக்கிறது. வாய் ஒருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குப் பிடிதுணியை எடுத்தது. மூடியை அழுத்திப் பானையைச் சாய்த்தது.

"ஏங்க! ஏங்க!"

தேங்காய்ப்பால், புளி, வெல்லம், பாங்காக் எல்லாம் அடுத்த வீட்டு இருளாயி மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்ப் பானைக்குள் இறங்கியிருந்தது.

சவரிராயன் எட்டிப் பார்த்தார். "ஒரு சொட்டு கீழ சிந்தல மாப்ள. வேலைன்னா இதுதான் வேலை."

மிஞ்சிய வெறும் நூடுல்ஸைத் தட்டில் வைத்தார்கள். லூர்துராணி மெதுவாகச் சாப்பிட்டாள். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போலப் பிலோமின்ராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கை கழுவினாள்.

"சாப்பிடலாம்" என்றாள்.

அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்பது வாங்கிக்கொள்ளும்போதுதான் தெரிந்தது.

மத்தியானம் கழுநீரை எடுத்துப்போன இருளாயி, சாயங்காலம் காலிப் பானையோடு வந்தாள். "இன்னிக்குக் கழுநீர்ல என்ன கலந்தீங்க ராணியம்மா? குடிச்சு முடிச்சும் மாடு பானைய விடல. நக்கிக்கிட்டே நிக்குது. பிடுங்கிக்கிட்டு வந்தேன்."

லூர்துராணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் மீன்குழம்பு. கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டுப் பிலோமின்ராஜ் தொண்டையைச் செருமினார். 'அற்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. "நல்லா... நல்லாருக்கு, ராணி" என்றார். சொல்லும்போதே காது சூடானது.

"கஷ்டப்படாதீங்க" என்று லூர்துராணி இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் போட்டாள். "இருளாயி வீட்டு மாட்டுக்கிட்ட போயி நாலு நாள் இருந்துட்டு வாங்க. அது நல்லா சொல்லுது."

அவர் தட்டை வழித்து நக்கினார்.